அரை மூட்டைக்காரர்

அரை மூட்டைக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. கண்டுபிடிப்பது சுலபம். இலையெல்லாம் உதிர்ந்து, வாய்க்காலில் தண்ணீரை நிறுத்தி, ஊரே அடுப்புக்கு நிலக்கரி வந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு திரியும் வாரத்தில், இவர் மட்டும் முற்றத்தின் நடுவில் நின்று, கோடையில் வாங்கி மீந்த சிமெண்டில் அரை மூட்டையையும், மரத்துக்கு அடித்து மீந்த சுண்ணாம்பில் அரை வாளியையும், தரைக்கல்லில் பதினேழையும், எந்தக் குழாயிலிருந்தும் எந்தச் செடிக்கும் எட்டாத நீளத்தில் ஓஸ் பைப் துண்டு நாலையும், எருவில் கால் மூட்டையையும் வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றின் தலையிலும் தட்டிக்கொடுத்துக்கொண்டிருப்பார். அணிலும்தான் குளிருக்குச் சேர்க்கிறது. ஆனால் அணில் தின்னும்.

இவர்கள் எல்லோருக்கும் மந்திரம் ஒன்றுதான். "கிடக்கட்டும், வசந்தத்துல வேண்டியிருக்கும்." எந்த வசந்தத்தில் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்ட மைத்துனர்கள் அந்த வீட்டில் அப்புறம் சோறு தின்றதில்லை.

மாதுளைக்குப் பேர்போன எங்கள் குவா ஊரில் தெருவுக்கு ஒருவர் உண்டு. கால்வாய்த் தெருவுக்கு எகம்பெர்தி. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியார். கழுத்தில் எந்நேரமும் விசில். அவருடைய கொட்டகை முதலில் மாட்டுக்காகத்தான் கட்டப்பட்டது. மாட்டுக்கும் தரைக்கல்லுக்கும் சேர்த்து இடம் போதவில்லை என்ற நிலைமை வந்தபோது அவர் ஒரு வாரம் நன்றாக யோசித்தார். மாட்டை விற்றார்.

கொட்டகைக்குள் ஒழுங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சும்மா குவித்துப் போடுகிறவன் சோம்பேறி. அரை மூட்டைக்காரர் சோம்பேறி அல்ல. ஒவ்வொரு பொருளிலும் ஓர் அட்டை தொங்கும். அதில் வாத்தியார் கையெழுத்தில் அது எதிலிருந்து மீந்தது, எவ்வளவு மீந்தது என்று இருக்கும். 'வாசல் தரை – மீதி – 17 கல்.' 'திராட்சைப் பந்தல் – மீதி – கம்பி.' சிமெண்ட் மூட்டை நான்கு வருஷம் முன்னாலேயே மூட்டையின் வடிவத்தில் பாறையாகிவிட்டது. அதிலும் அட்டை இருக்கிறது. 'சிமெண்ட் – நல்லது.'

யாராவது ஏதாவது கேட்டு வரும்போதுதான் இந்த இனத்தின் முழு அழகும் தெரியும். பக்கத்து வீட்டு சோயிப் ஒருநாள் வந்தான். பாவம், புதிதாகக் குடிவந்தவன்.

"வாத்தியாரண்ணே, ரெண்டு முழம் கம்பி இருக்குமா? திராட்சைக் கொடியப் படுக்கவச்சுக் கட்டணும்."

"கம்பியா?" எகம்பெர்தி வானத்தைப் பார்த்தார். "இருந்துச்சு தம்பி. இருந்துச்சு."

"அண்ணே, நான் மிதிச்சுக்கிட்டு நிக்கிறேனே, இது?"

"காலை எடு. அது கம்பி இல்ல, சுருள். பிரிச்சா அப்புறம் சுருளாகாது."

சோயிப் கொடியைத் தன் பழைய இடுப்புத் துண்டால் கட்டினான். எகம்பெர்தி சுவர் மேலாக எட்டிப் பார்த்து, "நல்லா கட்டியிருக்கியே, மிச்சத் துணி இருந்தா தூக்கிப் போட்டுடாத," என்றார்.

இந்த மனிதரோடு இருபத்தெட்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறவள் ஹோசியத். அந்த முற்றத்தில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு மாதுளைச் செடி. கிணற்றுக்குப் பின்னால், தரைக்கற்கள் இன்னும் வந்து சேராத ஒரு மூலையில், மூன்று வருஷம் முன்னால் வைத்தாள். ஏன் வைத்தாள் என்றால், நாத்தனாருக்காக.

எகம்பெர்தியின் தங்கை சலோமத் ஊருக்கு மேற்கே பெரிய தோட்டத்துக்காரி. வருஷா வருஷம் அறுவடைக்கு ஒரு வாளி மாதுளை கொண்டுவந்து வாசலில் வைப்பாள். வாளியோடு வாயையும் கொண்டுவருவாள். "சாப்பிடுங்க அண்ணி. உங்க வீட்டு மண்ணுல ஒண்ணும் காய்க்காதுல்ல, பாவம்." குவாவில் பிறந்து, குவாவில் வாழ்க்கைப்பட்டு, மாதுளையை இன்னொருத்தி கையால் வாங்கித் தின்பது என்றால் அது எப்படி இருக்கும்? அந்தப் பழத்தின் ஒவ்வொரு முத்துக்கும் ஹோசியத் நன்றி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பழத்தில் எத்தனை முத்து என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

இந்த வருஷம் ஹோசியத்தின் செடி முதன்முதலாக ஒன்பது பழம் கொடுத்தது. சின்னப் பழம்தான். ஆனால் உடைத்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. அவள் கணக்கு இதுதான்: குளிரைத் தாண்டிவிட்டால் அடுத்த வருஷம் நாற்பது பழமாவது காய்க்கும். வாளி இந்தத் தெருவிலிருந்து மேற்கே போகும். வைத்துவிட்டு என்ன சொல்வது என்பதைக்கூட அவள் ரொட்டி சுடும்போது வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மாதுளையை நின்றபடி குளிருக்கு விட மாட்டார்கள். கிளைகளைச் சேர்த்துக் கட்டி, மெதுவாக வளைத்துத் தரையில் படுக்கவைத்து, வைக்கோல் போட்டு, மண் மூடி, மண்ணுக்கு மேல் பாலிதீன் ஷீட் விரித்து, ஓரங்களில் கனம் வைக்க வேண்டும். ஷீட் இல்லாவிட்டால் பனி உருகி இறங்கி, மறுபடி உறைந்து, கிளை மண்ணுக்குள்ளேயே செத்துப்போகும். இது குவாவில் குழந்தைக்கும் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும்.

கார்த்திகை பிறந்த வாரம் வானொலியில் சொன்னார்கள்: வெள்ளிக்கிழமை மைனஸ் பதினைந்து.

"இங்க பாருங்க," என்றாள் ஹோசியத் புதன்கிழமை காலை. "அந்த நீலச் சுருள்ல எனக்கு நாலு மீட்டர் வெட்டித் தாங்க."

நீலச் சுருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலுமிச்சைச் செடிக்குக் குளிர் படாத குடில் கட்டுவதற்கென்று ஆறு வருஷம் முன்னால் எகம்பெர்தி வாங்கிய ஐம்பது மீட்டர் ஷீட் அது. குடில் கட்டவில்லை. ஆகவே ஐம்பது மீட்டரும் மீதி. அந்த இனத்தின் அகராதியில் இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

"நீலச் சுருளா?" வாத்தியார் முகம், பையன் கயிறு ஏறும்போது கயிறு அறுவதைப் பார்த்தவர் முகம்போல ஆனது. "அதுல போயி எப்படி வெட்டறது?"

"கத்தரியால."

"வெளையாடாத. அது இன்னிக்கு முழுச் சுருள். நாலு மீட்டர் வெட்டினா நாளைக்கு அது என்ன? துண்டு."

"நாப்பத்தாறு மீட்டர் துண்டா?"

"துண்டு துண்டுதான். இரு, உனக்கு வேற எடுத்துத் தரேன்."

உள்ளே போனார். ஒன்றை எடுக்க ஒன்பதை வெளியே வைக்க வேண்டும் என்பது கொட்டகைச் சட்டம். தரைக்கல் வந்தது, சுண்ணாம்பு வந்தது, பைப் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது அதன் பூர்வீகத்தைச் சொன்னார். நண்பகலுக்கு முற்றத்தில் கோழி நடக்க இடமில்லை. மாலையில் எல்லாம் மறுபடி உள்ளே போனது. ஹோசியத் கையில் கிடைத்தது, எலி ஜன்னல் வைத்த ஒரு சாக்கு.

"இதுல சல்லடை பண்ணலாம்," என்றாள்.

"பாத்தியா," என்றார் எகம்பெர்தி சந்தோஷமாக, "உனக்கே உபயோகம் தோணுது." சாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

அவரை அடிக்கலாம்போல இருக்கிறது, இல்லையா? அவளுக்கும் இருந்தது. ஆனால் அவளுக்கு நமக்குத் தெரியாத ஒன்று தெரியும். கல்யாணமான புதிதில், கடைகளில் அலமாரிகளை மட்டும் வைத்துக்கொண்டு கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்த வருஷங்களில், மூத்தவளுடைய தொட்டில் கால் உடைந்தபோது ஊரில் ஓர் ஆணி கிடைக்கவில்லை. எகம்பெர்தி பழைய வேலியிலிருந்து வளைந்த ஆணிகளைப் பிடுங்கிவந்து, கல்லில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டி நேராக்கித்தான் தொட்டிலை அடித்தார். விரலில் இன்னும் அந்தத் தழும்பு உண்டு. இது ஞாபகம் இருப்பதால்தான் ஹோசியத் இத்தனை வருஷம் கொட்டகைக்குத் தீ வைக்காமல் இருக்கிறாள்.

வியாழக்கிழமை அவளே சந்தைக்குப் போய் நாலு மீட்டர் ஷீட் வாங்கிவந்தாள். கிளைகளைக் கட்டினாள். வளைத்தாள். வைக்கோல், மண், மேலே ஷீட். ஓரத்தில் கனம் வைக்கத் தரைக்கல் கேட்டால் மறுபடி நண்பகலாகிவிடும் என்று, கால்வாய்க் கரைக்குப் போய் மடியில் கல் பொறுக்கிவந்தாள். திரும்பி வந்தபோது வாத்தியார் செடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"நல்லா விரிச்சிருக்க," என்றார். அவர் அவளைப் பாராட்டுவது அபூர்வம். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஷீட் முன்பு பார்த்ததைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. கடைக்காரன் அளவில் ஏமாற்றிவிட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டே கற்களை வைத்தாள். கிழக்கு ஓரம் சரியாக எட்டவில்லை. அதன்மேல் கொஞ்சம் மண்ணை அள்ளிப்போட்டுத் தட்டினாள். வெள்ளிக்கிழமை வானொலி சொன்னதைவிட இரண்டு பாகை அதிகமாகவே குளிர்ந்தது.

பனி போய், வாய்க்காலில் தண்ணீர் விட்டு, வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு மறுநாள் அவள் செடியைத் திறந்தாள். மேற்குக் கிளையை நகத்தால் கீறினாள்: பச்சை. நடுக் கிளை: பச்சை. கிழக்கே மூன்று கிளை: காய்ந்த தேயிலையின் நிறம். இன்னும் கீறினாள். கீழே வரைக்கும் அதே நிறம். நாற்பது பழத்தில் பாதி அங்கேதான் இருந்தது. சலோமத்தின் வாளி மறுபடி கிழக்கே வரப்போகிறது.

எகம்பெர்தி வந்து பார்த்தார். விசிலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு ரம்பத்தை எடுத்துவந்து காய்ந்த கிளைகளைத் துப்புரவாக அறுத்தார். அறுத்ததை நீளவாரியாக அடுக்கினார்.

"நல்ல உறுதி," என்றார் தாழ்ந்த குரலில். "தக்காளிக்கு முட்டுக் கொடுக்கலாம்."

ஹோசியத் எழுந்தாள். கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள். கத்தரிக்கோல் ஆணியில் தொங்கியது. பக்கத்து ஆணியில் சந்தை ஷீட்டின் துண்டு ஒன்று, நாலாக மடித்து, அட்டையோடு: 'மாதுளை – மீதி – 1 மீட்டர் 20.'

அவள் நீலச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து முற்றத்தின் நடுவில் போட்டு உருட்டிவிட்டாள். அது வாசல்வரை ஓடி விரிந்தது.

"ஹோசியத்." வாத்தியார் விசிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "அது முழுசு."

"தெரியும்." முதல் நாலு மீட்டரில் கத்தரியை வைத்தாள். "இது கிழக்குப் பக்கத்துக்கு." வெட்டினாள். "இது மேற்குப் பக்கத்துக்கு." வெட்டினாள். "இது சோயிப்போட கொடிக்கு."

"அவனுக்கு எதுக்கு?"

"இடுப்புத் துண்டைத் திருப்பிக் கட்டிக்கட்டும்."

ஒவ்வொரு வெட்டுக்கும் அவர் கண்ணை மூடினார். ஐந்தாவது வெட்டில் கத்தரி கோணலாகப் போவதைக் கேட்டார். ஆமாம், கேட்டார், அந்த இனத்துக்கு அது கேட்கும். கண்ணைத் திறந்தார். போய் மறுமுனையைக் குனிந்து பிடித்து, இழுத்து விறைப்பாக்கினார்.

"நேரா வெட்டு," என்றார். "கோணலா போனா தண்ணி உள்ள இறங்கும்." பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல், "ஓரத்துல ஒரு முழம் கூடவே விடு. மூடறதுக்குப் பத்தாமப் போகக் கூடாது," என்றார்.

பதினொரு துண்டு வந்தது. கடைசியில் மூன்று மீட்டர் சொச்சம் நீளத்தில் ஒன்று மீந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஹோசியத் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ரொட்டி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவள் திரும்பி வரும்வரை அந்தத் துண்டு அங்கேயே கிடந்திருக்கும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை முதலிலிருந்து படிக்கவும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் கொட்டகை இல்லை, சிமெண்ட் இல்லை, மாதுளையைக் கடையில் வாங்குகிறீர்கள். நல்லது. ஆனால் உங்கள் வீட்டிலும் ஒரு கதவு இருக்கிறது. சமையலறை மேல்தட்டிலோ, கட்டிலுக்கு அடியிலோ, மாடிப்படிக்குக் கீழேயோ இருக்கலாம், எனக்குத் தெரியாது. அதை ஒரு கையால் மட்டும் திறந்து பாருங்கள். இன்னொரு கை தானாகவே மேலே போய், விழப்போவதைத் தாங்கத் தயாராக நிற்கிறதா? அப்படியென்றால் உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர், ரொம்ப நாளாக, கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறார்.