ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்த ஜார்ஜியா

வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கால் வைக்காத ஊரில் ஐந்து வருடம் குடியிருந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஜார்ஜியா மாஸ்டர்தான். உடம்பு என்னவோ சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது. ஆள் இருந்தது அமெரிக்காவின் தென்கிழக்கு மூலையில், ஜார்ஜியா மாநிலத்தில். “ரஷ்யாக்காரன் ஜார்ஜியாவா?” என்று கேட்டுத் தொலைத்தவனுக்கு அன்றைக்கு அவர் சமையலில் குழம்பு கிடையாது, வெறும் ரசம்தான்.

எழுபதுகளின் நடுவில் மதுரையிலிருந்து டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு வந்து அந்த வீட்டில் இறங்கினேன். முதல் நாள், மாஸ்டரிடம் பாத்ரூம் எங்கே என்று கேட்டேன். அது ஒரு குற்றமா?

“நேரை போங்கோ தம்பி. குசினி தாண்டினால் ஃபால் லைன் வரும், பாத்து இறங்குங்கோ. இறங்கினதும் இடப்பக்கம் ஒகிஃபினோக்கி.”

ரயில் ஏறிப் போகவேண்டிய இடம் போல என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அவர் கணக்கில் மாடியறை ப்ளூ ரிட்ஜ் மலை. சமையலறை பீட்மான்ட் பீடபூமி. அங்கே மண் சிவப்பாம், இங்கே மிளகாய்த்தூள் சிந்திச் சிந்தித் தரை சிவப்பு. பின்பக்கம் இரண்டு படி இறங்கினால் கொல்லை, அது கடலோரச் சமவெளி. அந்த இரண்டு படிதான் ஃபால் லைன். கெட்டிப் பாறை முடிந்து மணல் நிலம் தொடங்கும் கோடு அது, ஆறுகள் எல்லாம் அங்கே வந்து தொபுக்கென்று விழுமாம். கொல்லையில் எந்நேரமும் தண்ணீர் அடைத்துக்கொண்டு நின்ற பாத்ரூம், ஒகிஃபினோக்கி சதுப்பு நிலம். முதலை ஒன்றுதான் பாக்கி.

தோசை வார்த்தால் அதுவும் ஜார்ஜியா. மேல் ஓரம் நேர்கோடு, வலப்பக்கம் சவானா நதி சாய்ந்து இறங்கும்.

“மாஸ்டர், ஒரு நாளாச்சும் வட்டமா ஊத்துங்களேன்!”

“உலகத்திலை எந்த மாநிலம் தம்பி வட்டமா இருக்கு?”

ஆனால் தான் மூச்சு விடுகிற ஆஸ்திரேலியாவைப் பற்றி மனுஷர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ப்ளூ மவுன்டன்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனோம். ஊரே வாயைப் பிளந்து பார்க்கிற பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புளிச்சோற்றை உருட்டிக்கொண்டிருந்தார். “பேரிலை நீலம் இருந்தால் காணுமோ? ப்ளூ ரிட்ஜ் ஆகிடுமோ?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். பொட்டலம் அவர் மடியில் இருந்தது.

காரணத்தைச் சொன்னவன் ராசு, எங்கள் மூன்றாவது கூட்டாளி, மாஸ்டரின் ஊர்க்காரன். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பூகோள வாத்தியாராம். பரீட்சையில் இன்ன கேள்விதான் வரும் என்று முன்கூட்டியே குறி சொல்வதில் மன்னனாம். அங்கே அதற்குக் ‘கெஸ்ஸிங்’ என்று பெயர். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளெல்லாம் சைக்கிள் மிதித்து வந்து கேட்டுக்கொண்டு போவார்களாம்.

“ஏழு வருசம் ஒரு குறியும் பிழைக்கேல்லை. எட்டாவது வருசம், தென்கிழக்கு அமெரிக்கா கட்டாயம் வரும், மற்றதை மூடி வையுங்கோ எண்டார். ஆறு மாசமா ஜோர்ஜியாதான். பரீட்சைக்குப் போனால் வெறும் வரைபடம் ஒண்டு குடுத்திருக்கிறாங்கள். என்ன நாடு சொல்லுங்கோ பாப்பம்?”

“ஐயோ... ஆஸ்திரேலியாவா?”

“ஓம். வகுப்பு முழுக்க விழுந்திட்டுது. அதிலை ஒருத்தன் மாஸ்டரின்ரை சொந்த மச்சான், மனிசியின்ரை தம்பி.”

மாஸ்டர் வேலையை உதறினார். அகப்பட்ட விசாவில் கப்பலேறினார். கிடைத்த நாடும் அந்தப் பாழாய்ப்போன நாடேதான். பிஸ்கட் ஃபாக்டரியில் மாவு மூட்டை தூக்கினார். ஊரிலிருந்து மனைவி எழுதிய ஏரோகிராமில் எப்போதும் ஒரே நிபந்தனை: “திரும்பக் கரும்பலகைக்கு முன்னாலை நிண்டால் எழுதுங்கோ, வாறன். மா மூட்டைக்காரனிட்டை வரமாட்டன்.”

வந்தது வாய்ப்பு. மேற்குப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள ஆசிரியருக்கு நேர்முகம், மூன்று வாரத்தில். ராசுவும் நானும் அவரைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டோம்.

“இப்பவாச்சும் ஆஸ்திரேலியாவைப் படிங்க. வீட்டம்மா வரவேண்டாமா?”

நான்கு நாள் முறைத்தார். ஐந்தாம் நாள் நூலகத்திலிருந்து கைகொள்ளாமல் புத்தகம் சுமந்து வந்தார். அப்புறம் பார்க்கவேண்டுமே! மர்ரே நதி, டார்லிங் நதி, கிழக்கு மலைத்தொடர், எங்கேயிருந்து கேட்டாலும் பதில் பாய்ந்து வரும். மூன்றாவது வாரம் ஒரு காலையில் தட்டைப் பார்த்தேன். தோசை ஆஸ்திரேலியாவாக இருந்தது. கீழே டாஸ்மேனியாவுக்குத் தனியாக ஒரு சொட்டு மாவு. ராசு கண்ணைத் துடைத்துக்கொண்டான், நானும்தான்.

நேர்முகத்தன்று டை கட்டி, பவுடர் போட்டு, நெற்றியில் திருநீறோடு கிளம்பினார். “இந்த முறை கெஸ்ஸிங் இல்லைத் தம்பி. முழுக்கப் படிச்சிட்டன். போயிட்டு வாறன்.”

நாங்கள் லீவு போட்டுவிட்டுக் கேசரி கிண்டினோம். மத்தியானம் வந்தார். வலது கை விரல்களில் இன்னும் சாக்கட்டித் தூள். ஷூவைக்கூடக் கழற்றாமல் போய் ஃபால் லைன் படியில் உட்கார்ந்தார்.

“என்ன கேட்டாங்க மாஸ்டர்?”

“அவுஸ்திரேலியாதான். பலகையிலை படம் கீறி விளங்கப்படுத்தச் சொன்னவங்கள்.”

“ஆஹா! கீறினீங்களா?”

“கீறினன். திரும்பிப் பாக்கிறன், பலகையிலை ஜோர்ஜியா நிக்குது. அஞ்சு நிலப்பிரிவும் பிரிச்சு, ஆறெல்லாம் விட்டு, வடிவாக் கீறியிருக்கிறன்.” கையை விரித்துக் காட்டினார். “வாய்க்கு எல்லாம் தெரியும் தம்பி. கை சொல்லுக் கேக்கேல்லை.”

“அழிச்சிட்டு மறுபடி...”

“ஒருத்தர், நல்ல வடிவான படம், இது எங்கடை நாட்டிலை எந்தப் பக்கம் எண்டு கேட்டார். அழிக்க மனம் வரேல்லை. இருவது நிமிசம் ஜோர்ஜியா படிப்பிச்சுப்போட்டு வந்திட்டன்.”

சிரிப்பதா அழுவதா தெரியாமல் ராசு உள்ளே ஓடினான். நான் அந்தப் படியிலேயே பக்கத்தில் உட்கார்ந்தேன். மாஸ்டர் படியைத் தடவிக்கொண்டே பேசினார்.

“கடலிலையிருந்து வாற படகு இந்தக் கோடு வரைக்கும்தான் வரும். மேலை அருவி, ஏற ஏலாது. சனம் சாமானை இறக்கி அங்கையே ஊர் கட்டிச்சுது. கொலம்பஸ், மேக்கன், ஒகஸ்ரா, எல்லாம் அப்பிடி முளைச்ச ஊர்தான்.”

“அப்படீன்னா நீங்களும் இங்கேயே...”

“நான் இன்னும் படகிலை இருக்கிறன் தம்பி. இறங்கேல்லை.”

நடந்ததை அப்படியே மனைவிக்கு எழுதினார். பொய் எழுதத் தெரியாத ஜென்மம். ஏரோகிராம் வருவது நின்றது. அதற்குப் பிறகு அவர் வேறு எந்தப் பள்ளிக்கும் விண்ணப்பம் போடவில்லை, நாங்கள் எவ்வளவு கெஞ்சியும். காலையில் ஃபாக்டரி, சாயங்காலம் அந்தப் படி. தோசை மறுபடி ஜார்ஜியாவானது. நாங்களும் வட்டம் கேட்பதை விட்டுவிட்டோம். நான் மெல்பர்னுக்கு மாறிப்போன மூன்றாம் வருடம், மாஸ்டர் போய்விட்டார் என்று ராசு போனில் சொன்னான். காரியத்துக்கு நான்கு பேர்கூடச் சேரவில்லையாம். நானும் போகவில்லை. வேலை என்று ஒரு சாக்கு இருந்தது. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

ரொம்ப வருடம் கழித்து, கம்பெனி வேலையாக அமெரிக்கா போனபோது, ஒரு நாள் லீவு கேட்டு மேக்கன் ஊருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மண் சிவப்பு, மிளகாய்த்தூள் சிவப்பு. ஊர் ஓரத்தில் ஆறு பாறைமேல் சலசலவென்று இறங்கி, அதற்குக் கீழே மணலில் சாதுவாகப் போயிற்று. யாரும் அதை நின்று பார்க்கவில்லை. நான் ஒருவன்தான் ஒரு மணி நேரம் நின்றேன்.

பக்கத்துக் கடையில் ஒரு படத் தபாலட்டை வாங்கி, ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டு விலாசத்தை எழுதினேன். அங்கே இப்போது யார் இருக்கிறார்களோ, தெரியாது. எழுதியது ஒரே வரி. “மாஸ்டர், எல்லாம் நீங்க சொன்ன இடத்துலேயே இருக்கு.”