ஒருத்தராவது சேருங்கப்பா

எலக்ட்ரிக்கல் துறையின் சேர்க்கை மேஜையில் பல்பு எரியவில்லை. விடிந்ததும் விடியாததுமாக இப்படியா என்று துறைத்தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்று சாயங்காலத்துக்குள் ஒரு மாணவராவது சேராவிட்டால் துறைக்கு மூடுவிழா. நாளையிலிருந்து அவர் கல்லூரி பஸ்களுக்குப் பொறுப்பாளர். பஸ் என்றாலே அவருக்கு வாந்தி வரும்.

மாடியில் கம்ப்யூட்டர் துறை வாசலிலோ எள் போட்டால் எள் விழாத கூட்டம். எல்லாம் தலையெழுத்து.

மாடிக்குப் போகிற வழியில் ஒரு அப்பாவும் மகளும் அவர் மேஜை முன் நின்றார்கள்.

"எலக்ட்ரிக்கலா? உங்க பல்பே எரியலையே சார்!" என்றார் அப்பா.

"பல்பு கெடக்குது சார். உள்ள வாங்க, மோட்டாரே ஓட்டிக் காட்டறேன்."

லேபில் சுவிட்சைப் போட்டார். மோட்டார் ஒரு முனகல் முனகியது. அதோடு லேபின் விளக்கு, ஃபேன் எல்லாம் நின்றன.

"ஏன் சார் நின்னுச்சு?" என்று மகள் ஆசையாகக் குனிந்து பார்த்தாள்.

"நீ சும்மா இரும்மா. இதைப் படிச்சா வேலை கிடைக்குமா சார்?"

"எங்க போனாலும் வேலை இருக்கு சார்."

"அதான் தெரியுதே. இங்கயே ஏகப்பட்டது பாக்கி இருக்கும் போலிருக்கு."

லேப் உதவியாளரான பெண்மணி அலுப்போடு சொன்னார்: "விட்டுத் தொலைங்க சார். பஸ்ஸுன்னா ஜன்னல் சீட்டாவது கிடைக்கும்."

துறைத்தலைவர் விடவில்லை. வேறொரு போர்டிலிருந்து ஒயரை இழுத்து மாட்டினார். அது மாடிக்குப் போகும் லைன். தெரிந்தேதான் மாட்டினார்; மனுஷன் அவ்வளவு நொந்துபோயிருந்தார்.

"வாம்மா, மேல க்யூ நீண்டுட்டே போகுது," என்று அப்பா மகளை இழுத்துக்கொண்டு படியேறிவிட்டார்.

"ஒரே நிமிஷம் சார்!" என்று கத்தியபடி சுவிட்சைத் தட்டினார்.

டப்!

மோட்டார் அசையவில்லை. மாடியில்தான் மொத்தக் கூட்டமும் "ஐயோ!" என்றது.

ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்த லேப் உதவியாளருக்கு மூச்சு வாங்கியது. "ஒரு கம்ப்யூட்டர்கூட ஓடலை சார். யாருக்கும் சீட்டு போட முடியலை. யார் வேலை இதுன்னு கேட்டாங்க, உங்க பேரைச் சொல்லிட்டேன். எல்லாரும் இறங்கி வராங்க."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் கடைசியில் இப்படி ஒரு பேரா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ் வேலைகூட இனி கிடைக்காது.

படிக்கட்டு முழுக்க ஜனம். முன்னால் அந்த அப்பா.

"மன்னிச்சிருங்க சார், இப்பவே கரண்டை விட்டுடறேன்," என்று துறைத்தலைவர் சுவிட்சை நோக்கித் திரும்பினார்.

"அவசரப்படாதீங்க சார். நீங்க ஒரு சுவிட்சைத் தட்டினதும் மாடியில அத்தனை கம்ப்யூட்டர்காரங்களும் கையைக் கட்டிட்டு உக்காந்துட்டாங்க! முதல்ல என் பொண்ணு பேரை எழுதிக்கோங்க, பின்னாடி இவங்கல்லாம் அதுக்குத்தான் நிக்கறாங்க."