பியூட்டேனும் பியோ சாரின் அடுப்பும்

உல்சான்,
சூசொக் அறுவடைப் பண்டிகை முடிந்த வாரம்

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் கி-ஹோ வணங்கி எழுதுவது. தேஜனில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே யாரும் சுகமாக இல்லை.

அங்கீகாரம் கொடுப்பவர்கள் ஒரே காற்றை எஃகுக் குடுவைகளில் அடைத்து எல்லா ஆய்வகங்களுக்கும் சோதனைக்கு அனுப்பினார்கள் அல்லவா? அதிலுள்ள ஹைட்ரோகார்பன் வாயுக்களைத் தங்கள் ஆய்வகத்தில் மூலக்கூறின் நிறை பார்த்து அளக்கிறீர்கள், நாங்கள் சுடரில் எரித்து அளக்கிறோம். விடை தப்பினால் எங்கள் அங்கீகாரம் போய்விடும். ஆய்வகங்கள் எண்களைப் பேசிக்கொள்ளக் கூடாது என்பதால் இந்தக் கடிதத்தில் எண்ணே கிடையாது, புலம்பல் மட்டும்தான். எங்கள் அளவீட்டில் பியூட்டேன் வாயு மட்டும் சாதாரணக் காற்றில் பார்க்காத அளவுக்கு எக்கச்சக்கமாக ஏறி நின்றது. குழாயை மாற்றினேன், சுடரைச் சரிசெய்தேன், திரும்ப அளந்தேன், அது இறங்கவில்லை, எனக்குச் சோறும் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் தலைவர் பியோ சார் தினமும் போலப் பக்கத்து அறையில் கேஸ் கேன் அடுப்பைப் பற்றவைத்து எல்லாருக்கும் ராம்யொன் நூடுல்ஸ் கொதிக்கவிட்டு, "ஏம்ப்பா மூஞ்சியத் தொங்கப்போட்டிருக்க? மொதல்ல சாப்பிடு, மிஷின் எங்கயும் ஓடிடாது" என்று கூப்பிட, எனக்குப் பொறி தட்டியது. அந்தக் கேனில் இருப்பதே பியூட்டேன்தானே!

"சார், கோவிச்சுக்காதீங்க. நூடுல்ஸ் போட்டே எங்களக் கவுத்துட்டீங்க" என்றேன்.

உதவியாளர் மி-ரான் சிரித்துவிட்டாள். பியோ சார் சிரிக்கவில்லை. "வீட்டுக்காரி போனதுலேருந்து தனியா சாப்பிடப் பிடிக்கலப்பா. அதான் உங்களயும் கூப்பிட்டேன்" என்று சொல்லி அடுப்பை அணைத்தார்.

நான் அறைக் காற்றை அளந்து, அதிலிருந்த பியூட்டேனை விடையிலிருந்து கழித்து, சுத்தமான எண்ணை அனுப்பிவைத்தேன். அவரோ அடுப்பு வைத்ததற்குப் பொறுப்பேற்று ராஜினாமாவை நீட்டிவிட்டார். நம் கொரியாவில் தலைவர் அப்படி நீட்டினால் யார் வேண்டாம் என்கிறார்கள்? இப்போது ஆளுக்கொரு மூலையில் ரொட்டி தின்கிறோம். காரணத்தைக் கண்டுபிடித்தவன் என்று இன்று காலை என்னையே அவர் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை அத்தான். ஆய்வகமாவது பிழைத்ததே என்று தேற்றிக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. தங்கள் இருமல் குளிருக்கு முன்பே ஓடிப்போகட்டும்.

பணிவுடன்,
குவாக் கி-ஹோ

பி.கு.: உறையை ஒட்டும்முன் சரியான விடை வந்து சேர்ந்தது. குடுவையிலேயே பியூட்டேனை அவ்வளவு வைத்துத்தான் அனுப்பினார்களாம். நான் கழிக்காமல் விட்டிருந்தால் எங்கள் எண் அச்சு அசலாகச் சரி. குடுவையிலிருந்து கருவிக்குப் போகும் மூடிய குழாய்க்குள் அறைக் காற்று போகாது என்பது எனக்குத் தெரியாதா? அன்றைக்குப் புத்தி எங்கே போயிற்றோ. அங்கீகாரம் போகப்போகிறது, அதை ஒப்புக்கொள்ளும் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய தலைவர் நான். தயவுசெய்து பியோ சாருக்கு ஒரு போன் போடுங்கள் அத்தான். அடுப்பின் மேல் ஒரு தப்பும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். எனக்கு வாய் வரவில்லை.