ஹுமைரா கண் திறந்த படலம்

வெண்ணாற்றுப் புனல் பாய்ந்து வரப்பெல்லாம் வழியும் கூத்தாநல்லூரில், ஒன்பதாம் வகுப்பின் அருங்கலமாய், ஆமினா பெற்ற அரிமாவாய், கம்பி முகமூடியும் மார்க்கவசமும் பூண்டு, நால்வகைப் படை திரண்டு வந்தாலும் இவ்வலைவாயிலை விடேன் என்று சூளுரைத்து நின்ற ஹுமைரா வாழ்க! அவள் ஏந்திய அகன்ற வலைமட்டை வாழ்க! அவள் அணிந்த கையுறை, பத்தடி தூரத்திலேயே பகைவரின் மூக்கைத் தாக்கித் தயங்க வைத்ததால், அதுவும் ஒருவகையில் வாழ்க!

லாக்ரோஸ் என்னும் போர்முறை யாதெனில், நீண்ட கழியின் நுனியில் ஒரு வலைப்பை. அதில் ஒரு ரப்பர்ப் பந்து. அதைச் சுழற்றி வீசி எதிரியின் கோலுக்குள் புகுத்துதல். மாலதி டீச்சர் தஞ்சாவூரில் ஒரு முகாமுக்குப் போய் இவ்வித்தையைக் கற்றுக் கொண்டுவந்த நாள்முதல், மைதானத்தை ஒட்டிய வாய்க்கால் பந்துகளை விழுங்கியே வயிறு வளர்த்தது.

தொலைவிலிருந்து வரும் பந்தை ஹுமைரா கொல்லையில் கொய்யா பறிப்பதுபோல் அலட்டிக்கொள்ளாமல் பறித்துவிடுவாள். ஆனால், ஐயகோ, யாராவது கிட்டே வந்து மட்டையை ஓங்கிவிட்டால் போதும்: முகத்தில் கம்பிக்கவசம் இருக்கிறது என்பதையே மறந்து, கண்ணிரண்டையும் இறுக மூடி, கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, ஒரு காலைத் தூக்கி, மேலே பல்லி விழுந்தவள்போல நின்றுவிடுவாள். பந்து அவளைச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக உள்ளே போகும்.

அவளுக்கு எமனாய் வாய்த்தவள் சொந்த அணியிலேயே இருந்தாள். லெட்சுமாங்குடி ஈன்ற இடிமுழக்கம், இருசடை ஆடும் எரிமலை, ஷோபனா! வெள்ளிக்கிழமை பயிற்சியில் அவள் கிட்டே நின்று அடித்த பந்தெல்லாம் கோலானதைக் கண்ட மாலதி டீச்சர், விசிலை வாயிலிருந்து எடுத்து, எண்திசையும் நடுங்கப் பிரகடனம் செய்தார்:

"நாளைக்கு ஷோபனா கிட்டக்க நின்னு மூணு பந்து அடிப்பா. ஒண்ணையாவது தடுத்துடு ஹுமைரா. இல்லேன்னா கோலு மேகலாவுக்கு. இன்னொண்ணு, யாருக்குக் கோலோ அவங்கதான் கிளவுஸ துவைக்கணும்!"

ஹுமைராவின் நெஞ்சு நொறுங்கியது. அவளுக்கு வேகமாக ஓட வராது. கோகோவில் யாரும் அவள் முதுகைத் தொட்டு 'கோ' கொடுக்கக்கூட மாட்டார்கள். கபடியில் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். அந்த வலைவாயில் ஒன்றில்தான் 'நம்ம ஹுமைரா நிக்கிறா' என்று மற்றவர்கள் நம்பி முன்னே ஓடினார்கள். அதை எப்படி விட்டுக்கொடுப்பது?

அன்று மாலையே அக்காள் ஹாஃபிஸாவைக் கூடத்தில் நிறுத்தி, எலுமிச்சம்பழங்களால் தன்னைத் தாக்குமாறு வேண்டிக்கொண்டாள். ஹாஃபிஸா மனமுவந்து, தம்பட்டம் அடித்துக்கொண்டு தாக்கினாள். ஒவ்வொரு பழத்துக்கும் கண் மூடியது. நெற்றியில் இரண்டு இடத்தில் புடைத்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் அடுக்களையில் விதி எண்ணெய் காய வைத்தது. பூம்புகார்க் கடலில் பிறந்து, மிளகாய்ப்பொடி பூசப்பெற்று வீரமரணத்துக்குக் காத்திருந்த சங்கரா மீன்களைப் பொரிக்கும் பணியை மகளிடம் ஒப்படைத்துவிட்டு ஆமினா துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். ஷோபனாவின் நினைப்பிலேயே இருந்த ஹுமைரா, மசாலா போதவில்லையென்று தண்ணீரில் கரைத்து இன்னொரு கரண்டி ஊற்றி, அந்த ஈரம் சொட்டச் சொட்ட மீனைக் கொதிக்கும் சட்டியில் போட்டாள்.

வெடித்தது சட்டி! எழுந்தன எண்ணெய் அம்புகள்! காலண்டர் வீழ்ந்தது, உப்பு ஜாடி காயமுற்றது, ஹாஃபிஸா கூடத்தையும் கடந்து தெருவுக்கே புறமுதுகிட்டாள். ஹுமைரா ஃப்ரிட்ஜோடு ஒண்டிக்கொண்டு, ஈயமூடியை முகத்துக்கு நேரே பிடித்து, வழக்கம்போல் கண்ணை மூடினாள். மூடியின் மேலும் கீழும் பக்கமும் புகுந்து அம்புகள் அவள் முழங்கையைப் பதம் பார்த்தன. மாடியிலிருந்து ஆமினாவின் ஆணை இறங்கியது:

"அடுப்ப அணைடி! அங்க என்னடி பண்றே?"

அடுப்பின் திருகு சட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேடினால் சட்டியே கவிழும். வேறு வழியில்லை; கண்ணைத் திறந்தாள். மூடியை முன்னால் நீட்டி ஓரடி வைத்தாள். அடடா! கிட்டே போகப் போக அம்புகளுக்கு வழி குறைந்தது. இன்னோரடி. பக்கவாட்டில் வந்தவை நின்றன. கடைசியில் எண்ணெய்ச் சட்டியின் வாய்க்கு நேரே மூடியைக் கொண்டுபோனதும், அத்தனை அம்பும் அதிலேயே பட்டுத் தெறித்து, ஒன்றுகூட வெளியே வரவில்லை. அடுப்பு அணைந்தது. கருகிய மீனைப் பார்த்து ஹுமைரா வாய்விட்டுச் சிரித்தாள். தெருவிலிருந்து எட்டிப் பார்த்த ஹாஃபிஸா, "இவளுக்கு என்னமோ ஆயிடுச்சும்மா!" என்று அறிவித்தாள்.

மறுநாள் விடிந்தது. வரப்பில் மடையான் கொக்குகள் ஒற்றைக்காலில் நின்று அவை கூடின. ஷோபனா இருசடையை முடிந்து கட்டினாள். மாற்று வலைக்காவலாய்க் காத்திருந்த மேகலா ஓரத்தில் நின்று தயாராகக் குனிந்து நிமிர்ந்தாள். முதல் பந்து, பழைய பயத்தின் மிச்சத்தில் கண் ஒரு நொடி சிமிட்டியதால், கால்சந்தில் புகுந்தது. இரண்டாவதற்கு ஹுமைரா ஆர்வக்கோளாறில் முந்திக்கொண்டு பாய, ஷோபனா புன்னகைத்து, தலைக்குமேல் மெதுவாகத் தூக்கிப் போட்டாள். கோல்!

மிச்சம் ஒன்றே ஒன்று. மட்டை ஓங்கியது, சடை அவிழ்ந்தது, மடையான்கள் இன்னொரு காலையும் ஊன்றின. ஹுமைரா ஷோபனாவின் முகத்தைப் பார்க்கவில்லை, எண்ணெய்ச் சட்டியின் வாயைப் பார்ப்பதுபோல் மட்டையின் வலைப்பையை மட்டும் பார்த்தாள். பந்து அதைவிட்டுக் கிளம்பிய அந்தக் கணத்தில், விழித்த கண் விழித்தபடி, தன் மட்டையை முன்னே நீட்டி, பந்தின் எதிரே ஓரடி வைத்தாள். கண்டாள்! ஷோபனா பந்தில் பேனாவால் வரைந்திருந்த மீசையைக்கூடக் கண்டாள்! மீசையோடு வந்த பந்து 'சொத்' என்று அவள் மட்டையின் வலைப்பையில் அடங்கியது.

ஆர்த்தது அணி! அதிர்ந்தது வாய்க்கால்! ஷோபனா மட்டையை எறிந்துவிட்டு ஓடிவந்து, கம்பிக்கவசத்தோடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டாள். மேகலா விட்ட பெருமூச்சு ஏமாற்றமா, கையுறையின் மணம் தப்பிய நிம்மதியா என்பதை அறிந்தவர் இல்லை. விசில் முழங்க, "கோலு ஹுமைராவுக்கு!" என்று மாலதி டீச்சர் முடிசூட்டினார். முகக்கவசத்துக்குள்ளே கண்ணீர் வழிய, அதைத் துடைக்கவும் மனமின்றி, கண்ணைத் திறந்தபடியே நின்றாள் கூத்தாநல்லூர்க் காவற்கோமகள்.

வீட்டுக்குப் போய், கையுறையைச் சோப்புத்தூளில் ஊற வைத்தாள்.