ஜமால் நானாவின் கல்லாப் பக்கம் வழிந்த பால்

பிடிவாதமாக இருப்பதில் தப்பில்லை. அந்தப் பிடிவாதத்தின் பெருமையை ஊர் கூடிய இடத்தில் எடுத்துரைப்பதுதான் தப்பு. நான் எடுத்துரைத்தேன். ஒரு தை மாதப் புதன்கிழமை காலையில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு. (வியாழக்கிழமை என்பாள் என் மனைவி. நம்பாதீர்கள். நாள், கிழமை விஷயத்தில் நான் சறுக்கியதே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சறுக்கியிருக்கிறேன்.)

ஹட்டன் கடைத்தெருவில் பழைய கடையொன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். புத்தகம், பாடசாலைச் சாமான்கள், ஒரு போட்டோகொப்பி இயந்திரம். என் மனைவி சாந்தி முன்பள்ளி ஆசிரியை வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: திறப்பு நாளில் சுபநேரம் முடிவதற்குள் பால் பொங்கி வழிய வேண்டும். பொங்காத கடையில் அவள் உட்கார மாட்டாள். பால் வழியும் பக்கம்தான் அதிர்ஷ்டம் என்பது அவள் கணக்கு.

நானும் ஒன்றுதான் கேட்டேன்: லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியன்தான் வயரிங் செய்ய வேண்டும். நாலு பேர் வந்துபோகும் இடம், சுற்றிலும் காகிதம். மின்கசிவால் எரிந்த கடைகளைப் பற்றி நான் வாசித்த அளவுக்கு இந்த மலையில் எவரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

சாந்தியின் தம்பி செல்வத்துக்கு இது மானப் பிரச்சினையாகிவிட்டது. அக்கரப்பத்தனைப் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களுக்கு லைட் கட்டுபவன் அவன்.

“மச்சான், தேருக்கும் கோயிலுக்கும் நான்தான் கரண்டு குடுக்கிறேன். ஒங்க கடைக்கு நாலு பல்பு மாட்ட மாட்டேனா?”

“லைசன்ஸ் இருக்கா?”

“அம்மனே கேக்கல, நீங்க கேக்குறீங்க!”

நான் அசையவில்லை. தேடினேன். ஒருவர், “லைசன்ஸா? நான் என்ன லொறியா ஓட்டப் போறேன்?” என்றார். இன்னொருவர் மகிழ்ச்சியோடு எடுத்து நீட்டினார். அது ஆட்டோ லைசன்ஸ். கடைசியில் நுவரெலியாவிலிருந்து பத்மநாதன் வந்தார். லைசன்ஸைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பதக்கம்போலக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் கேட்குமுன்பே அதைத் தூக்கிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலை முடிந்ததும் சுவரிலிருந்த ட்ரிப் சுவிட்சைப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டுவதுபோலத் தட்டினார். “எங்கயாவது கரண்டு கசிஞ்சா, பட்டுனு விழுந்து கடை மொத்தத்தையும் நிறுத்திடும் சார். ஒரு சொட்டு ஈரம் போதும்.”

அந்த வசனத்தை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன்.

திறப்பு நாளில் பால் காய்ச்ச விறகடுப்பு கூடாது, காஸ் அடுப்பும் கூடாது என்று தடை போட்டேன். புத்தகக் கடைக்குள் நெருப்பா? புதுக் கரண்டு அடுப்பொன்று வாங்கி வந்தேன். அதன்மேல் சாந்தி புது மண்பானையை ஏற்றிப் பாலை ஊற்றினாள். பால் சூடாகும் இடைவெளியில் நான் வந்தவர்களைப் பார்த்துப் பேசத் தொடங்கினேன். லைசன்ஸின் அவசியம். பாதுகாப்பு. “ஒரு சொட்டு ஈரம் போதும்!” என்று விரலைத் தூக்கினேன்.

புதுப் பானை அடியில் வேர்த்தது. ஒரு சொட்டு ஈரம் அடுப்புக் கம்பியில் விழுந்தது.

பட்!

கடை இருண்டது. வெளியே மூடுபனி, உள்ளே நான். விரல் மட்டும் தூக்கியபடி இருந்தது.

பத்மநாதன் மட்டும் கைதட்டினார். “பாத்தீங்களா சார்! எப்படி வேலை செய்யுது!”

ஈரம் காயாமல் சுவிட்ச் மேலே நிற்காது. சுபநேரமோ ஓடிக்கொண்டிருந்தது. சாந்தி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ட்ரிப் சுவிட்ச் கிடையாது.

“மச்சான், ட்ரிப்ப தாண்டி ஒரு வயர் இழுத்துடவா? ரெண்டே நிமிஷம்” என்றான் செல்வம். முகமெல்லாம் திருவிழா.

பத்மநாதன் பாய்ந்துபோய்ச் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார். “நான் கையெழுத்துப் போட்ட வேலை! என்னத் தூக்கிப் போட்டுட்டு வயர இழுங்க!”

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ‘இழு’ என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் சொற்பொழிவு முடிந்த சூடு ஆறவில்லையே. “கூடாது” என்றேன். என் வாழ்நாளில் நான் எடுத்த உறுதியான முடிவு அது. குரல்தான் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

சாந்தி முந்தானையால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். பின்னால் குத்துவிளக்கோடு செல்வம், அவன் பின்னால் ஐயர், அவர் பின்னால் விருந்தினர் எல்லோரும். நேரே பக்கத்துத் தேநீர்க் கடைக்கு.

“வாங்க தங்கச்சி, வாங்க! அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தானே கெடக்கு” என்று ஜமால் நானா ரொட்டிக் கல்லை இறக்கி வைத்தார்.

சுபநேரத்துக்குள் பால் பொங்கியது. நுரைத்து, உயர்ந்து, அழகாக வழிந்தது. நேராக ஜமால் நானாவின் கல்லாப் பெட்டிப் பக்கம்.

“ஐயோ” என்றாள் சாந்தி மெதுவாக.

எங்கள் கடை ஓடுகிறது. பாடசாலை தொடங்கும் மாதத்தில் நன்றாகவே ஓடுகிறது. தீப்பொறிகூடப் பறந்ததில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். ஆனால் நானாவின் கடை முதலில் அகலமானது. பிறகு பின்பக்கம் நீண்டது. இப்போது கண்ணாடிக் கதவு. எங்கள் வீட்டில் யாருக்கு எந்த அதிர்ஷ்டம் தப்பினாலும் செல்வம் சொல்வது ஒன்றுதான்: “பக்கத்துக் கடையில போய்ப் பாருங்க மச்சான், அங்கதான் வழிஞ்சிருக்கும்.”

போன தைமாதமும் அதே நாளில் (புதன்கிழமைக் கணக்கில் அல்ல, தேதிக் கணக்கில்) நானா எங்களுக்குப் பால் தேநீர் கொண்டுவந்தார். வைத்துவிட்டுப் போகாமல் தயங்கி நின்றார்.

“தங்கச்சி, அடுத்த கடை எப்ப தொறக்கிறீங்க?”

“ஏன் நானா?”

“மேல்மாடி ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன்.”