மரவள்ளி மாவில் அதிரசம் சுட்ட காலை

தனக்குச் செய்யத் தெரியாத பலகாரத்தைப் பற்றித்தான் மனிதன் மிக உறுதியாகப் பேசுகிறான். இந்த உண்மையை நான் உணர்ந்தபோது எனக்கு வயது இருபத்தொன்று. என் இடது புருவம் பொசுங்கிப் போயிருந்தது. என் உயிர்த்தோழன் தன் கல்யாணப் பேச்சை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். இரண்டுக்கும் காரணம் நானே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அது ஜப்பானியர் ஆண்ட காலம். கேமரன் மலையில் எங்கள் தோட்டத்துத் துரை எப்போதோ கப்பலேறிவிட்டார். கவாத்து வெட்டாமல் விட்ட தேயிலைச் செடிகள் ஆள் உயரத்தையும் தாண்டி மரங்களாக நின்றன. ஆபீஸில் கடிதம் எழுதிக்கொண்டிருந்த சின்னக் கிராணியாகிய நான், மண்வெட்டி பிடித்துச் சரிவுகளில் சர்க்கரைவள்ளிக்கொடி நட்டுக்கொண்டிருந்தேன். (என் எழுத்தை விட என் பாத்திகள் கோணல் என்பது பொதுவான கருத்து.) என்னோடு இருவர். ஒருவன் மாணிக்கம், கவாத்துக் கத்தியில் தோட்டத்திலேயே முதல்வன். மற்றவன் சவரிமுத்து, தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், இயந்திரம் ஓட்டியவன்.

உச்சிப்பொழுதில் மூவரும் உட்கார்ந்து, வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைப் பிரித்து வைத்துக்கொண்டு, கிடைக்காத பலகாரங்களைப் பற்றி வாதாடுவோம். கிழங்குக்கு எங்களிடம் இருந்த ஒரே தொடுகறி அந்த வாதம்தான்.

“பலகாரம்னா முறுக்குதான்டா. கடிச்சா பக்கத்து லயத்துக்காரன் திரும்பிப் பாக்கணும்” என்பான் மாணிக்கம்.

“போடா. கிறிஸ்மஸுக்கு எங்க வூட்டுல அச்சு முறுக்கு சுடுவாங்க பாரு, ரோஜாப்பூ மாதிரி. வாயில வச்சா கரையும். ஒன் முறுக்கு பல்லு போனவனுக்கு ஆவுமா?”

“பல்லு போனவனுக்குக் கஞ்சி இருக்குலா!”

இப்படியே பேச்சு, சாம்பல் போட்டுத் துவைத்த வேட்டி வெளுக்குமா கறுக்குமா என்பதற்குப் போகும். சர்க்கரையில்லாத கடுந்தேநீரைக் கண்ணை மூடிக் குடிப்பதா, மூக்கை மூடிக் குடிப்பதா என்பதற்குப் போகும். சாக்குத்துணிக் கால்சட்டை அரிப்பதற்கு மருந்து உண்டா என்று கேட்டுவிட்டு, மறுபடி பலகாரத்துக்கே திரும்பும். நான் அதிரசத்தின் கட்சி. அதிரசத்தை உண்டிருக்கிறேனே தவிர, அது உருவாகும்போது அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்ததும் இல்லை. ஆயினும் அன்றொரு நாள், “அரிசி என்பது ஒரு பழக்கமே. பாகின் பதம் சரியாக இருந்தால் எந்த மாவிலும் அதிரசம் அமையும்” என்று தீர்ப்பளித்தேன்.

“மரவள்ளி மாவுலயுமா?” என்றான் மாணிக்கம்.

“மிக நன்றாக.”

அந்த இரண்டு சொற்களையும் நான் விழுங்கியிருக்க வேண்டும். மாணிக்கம் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் அவனுடைய அக்காள் பாப்பாத்தி. பக்கத்து ஊரான ரிங்லெட்டில் ராசம்மா என்றொரு பெண்ணைப் பேசி, பெண் வீட்டார் தீபாவளிக்கு மறுநாள் காலை மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. போர் வந்த பிறகு அவனுக்குப் பேசிய இரண்டு இடங்கள் தவறிப்போயின. இது மூன்றாவது. தீபாவளியை ஒட்டி வருகிறவர்கள் முன்னால் கிழங்கை நீட்டினால் தம்பியின் மானம் என்ன ஆவது என்று பாப்பாத்தி அக்காள் நாள்தோறும் அழுதுகொண்டிருந்தாள்.

“கிராணித் தம்பி, நெசமாவே வருமா?” என்று அவளே வந்து கேட்டாள்.

“கவலையை விடுங்கள், அக்கா” என்றேன். (இன்னும் எனக்கு அந்தத் தொனி காதில் விழுகிறது. வெட்கமாக இருக்கிறது.)

மாவு ரிங்லெட்டிலிருந்து வந்தது. எண்ணெய், மூன்று வீட்டுப் புட்டிகளைக் கவிழ்த்து வடித்த செம்பனை எண்ணெய். இனிப்புக்குத்தான் வழியில்லை. சவரிமுத்து ஒரு நாள் முழுவதும் யோசித்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு கருப்பட்டிக் கட்டியை எடுத்து நீட்டினான். கிறிஸ்மஸுக்கென்று அவன் தாயார் வெறும் அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்திருந்தது. “அம்மாகிட்ட எலி தின்னிருச்சுன்னு சொல்லிக்கிறேன். கெடுத்துறாதடா” என்றான்.

அந்த நாட்களில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. சயாம் ரயில்பாதை வேலைக்கு ஜப்பானியர் லாரியில் வந்து ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் அநேகரைப் பற்றிச் செய்தியே இல்லை. ஆகவே லாரிச் சத்தமோ துப்பாக்கிச் சத்தமோ கேட்டால், வாலிபர்கள் காரணம் கேட்காமல் தேயிலைக்குள் ஓடி மறைய வேண்டும். பெண்கள் வாசலில் நின்று, “ஆம்பளைங்க யாரும் இல்லை” என்று சொல்ல வேண்டும். குழந்தைகள்கூட இதைத் தூக்கத்தில் ஒப்பிக்கும்.

குறித்த நாள் காலை, பாகு காய்ச்சினேன். கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றினேன். அது உடனே கண்ணாடிபோல் மினுங்கி, கரண்டியை விடமாட்டேன் என்று பற்றிக்கொண்டது.

விறகு தள்ளிக்கொண்டிருந்த சவரிமுத்து எட்டிப் பார்த்தான். “டேய், இது ஸ்டோர்ல பெட்டிக்குக் காகிதம் ஒட்டுற மரவள்ளிப் பசைடா.”

“இது பதம்” என்றேன்.

எட்டு வருஷம் ஸ்டோரில் அந்தப் பசையைப் பார்த்தவன் சொன்னதை நான் கேட்கவில்லை. ஈர உருண்டைகளை உள்ளங்கையில் தட்டி, காய்ந்த எண்ணெயில் ஐந்தை ஒன்றாக விட்டேன். அவை அழகாக மிதந்தன, உப்பின, பொன்னிறம் கொண்டன. “பார்த்தாயா!” என்று திரும்பினேன். முதல் அதிரசம் அப்போதுதான் வெடித்தது.

மேல்தோல் இறுகி, உள்ளே நீராவி அடைபட்டால் என்ன ஆகும் என்பதை இயந்திரம் ஓட்டிய சவரிமுத்து பிற்பாடு எனக்கு விளக்கினான். அன்று விளக்க நேரமில்லை. இரண்டாவது கூரைத் தகரத்தில் மோதி வெடித்தது. மற்ற மூன்றும் சேர்ந்து வெடித்தன. தகரக் கூரையின் கீழ் ஒவ்வொன்றும் துப்பாக்கியாகவே ஒலித்தது. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்துவே கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான் என்றால், முன்வாசலில் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த மாணிக்கத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? வேலியைத் தாண்டினான், ஓடையைத் தாண்டினான், தேயிலைக்குள் மறைந்தான். அவன் பின்னால் லயத்து வாலிபர் அனைவரும்.

இடது புருவம் பொசுங்கி, நான் மாவும் கரியுமாக வெளியே வந்தபோது, மேட்டுப் பாதையிலிருந்து பெண்ணின் தகப்பனாரும் அத்தையும் வாசலுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பாப்பாத்தி அக்காள் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

“மாப்பிள்ளை எங்கம்மா?” என்றார் தகப்பனார்.

“ஆம்பளைங்க யாரும் இல்லீங்க!” என்றாள் அக்காள், பழக்கத்தினால்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்து, “அப்ப இது யாரு?” என்று கேட்டாள்.

நான் உண்மையைச் சொன்னேன். கருப்பட்டி, மாவு, பதம் எல்லாம் சொன்னேன். கட்டிலுக்கடியிலிருந்து சவரிமுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் “ஆமாங்க” என்றான். அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. “சட்டி வெடிச்சதுக்கே ஓடுறவனுக்கா நம்ம புள்ளைய குடுக்கிறது? வாண்ணே, போலாம்.” பாப்பாத்தி அக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் கையிலிருந்த கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

தகப்பனார் போகவில்லை. “முன்னால ஓடினானே, வேலிய ஒரே தாவா தாவி, அதுவா மாப்பிள்ளை?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றது கட்டில்.

அவர் தேயிலைப் பக்கம் திரும்பினார். “என் தம்பி லாரிச் சத்தம் கேட்டு, என்னான்னு பாக்கலாம்னு நின்னான். நின்னவன்தான். ஏத்திட்டுப் போய்ட்டாங்க.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு நிக்கிறவன் வேணாம், தங்கச்சி. இப்படி ஓடுறவன்தான் வேணும். எம்மவ தாலி கழுத்துல நிக்கணும்.”

அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் ஏறினாள்.

பேச்சு முடிந்தது, மாப்பிள்ளைதான் கிடைக்கவில்லை. ஓடைக்கரையில் நின்று, “வாடா, வெடிச்சது அதிரசம்டா!” என்று கத்தினேன். நம்பக்கூடிய செய்தியா அது? எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டு அப்படிக் கத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்து இன்னும் உள்ளே ஓடினான். பாப்பாத்தி அக்காள் போய் அழைத்த பிறகே, முட்கீறல்களோடு மத்தியானத்துக்குமேல் வந்து, வருங்கால மாமனாரோடு உட்கார்ந்து உப்புப் போட்ட மரவள்ளிக்கிழங்கு தின்றான். அந்த வருஷம் சவரிமுத்து வீட்டு அச்சு முறுக்கு இனிக்கவில்லை. அவன் தாயார் எலியைச் சபித்தபோதெல்லாம் என் முகத்தைப் பார்த்தே சபித்தார்.

மாணிக்கம் இப்போது மூன்று பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா. தானா ராத்தாவில் இருக்கும் அவன் வீட்டுக்குத் தீபாவளிதோறும் போகிறேன். செருப்பைக் கழற்றுவதற்குள் ராசம்மா உள்ளே திரும்பிக் குரல் கொடுப்பாள்: “ஏங்க, அண்ணன் வந்துட்டாரு. ஓடத் தோதா வேட்டிய மடிச்சுக் கட்டிக்குங்க!”