தடுக்கும் பணிக்கு வெளியாள் தேவையில்லை

எங்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கொள்முதல் விதிகளில் பதினான்காவது மிகவும் நியாயமானது. அலுவலகத்தில் இருப்பவர்களாலேயே செய்ய முடிந்த வேலைக்கு வெளியிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. தடுப்புப் பெப்டைடு கேட்டு விண்ணப்பம் போடும்வரை எனக்கும் அந்த விதியோடு எந்தத் தகராறும் இல்லை.

விஷயம் சின்னது. செல்லின் மேல் டைரோசின் கைனேஸ் வகை ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. எங்கள் ஆன்டிபாடி, அதாவது அதை மட்டும் பிடிக்க வேண்டிய எதிர்ப்பொருள், அதைத் தேடிப் பிடித்தால் சோதனைப் படத்தில் கறுப்புக் கோடு விழும். அது சரியான ஆளைத்தான் பிடித்ததா? அந்த ஏற்பியின் ஒரு துண்டைப் போலவே செய்த சின்னப் புரதத் துணுக்கான பெப்டைடை முன்கூட்டியே கலந்துவிட்டால், ஆன்டிபாடி அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். கோடு மறைந்தால் ஆன்டிபாடி யோக்கியம். மறையாவிட்டால் அது இத்தனை நாளும் வேறு எதையோ பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தச் சோதனையைக் காட்டினால்தான் எனக்கு டாக்டர் பட்டம் என்று என் ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் எழுதிவிட்டார். ஐந்து வருட உழைப்பு, மூன்று மாதக் கெடு.

கொள்முதல் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் 'விளக்கம் கோருக'. எந்தக் கோப்பிலும் அவர் எழுதுவது அது ஒன்றுதான்.

"இது என்னம்மா பண்ணும்?"

"தடுக்கும் சார். வேலைக்குக் கிளம்புற ஆன்டிபாடியை வழியிலேயே பிடிச்சு நிறுத்திடும்."

"அப்புறம்?"

"ஒண்ணும் நடக்காது சார். அதுதான் ரிசல்ட்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நிஜமாகவே மனம் புண்பட்டிருந்தது. "இதுக்குப் போய் வெளியில வாங்கணுமா? நாங்க பதினோரு பேர் இங்க எதுக்கு இருக்கோம்?"

பணியாளர்களால் தடுக்க இயலாது என்று சான்றிதழ் கொண்டுவந்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார். தலைமை எழுத்தரிடம் ஓடினேன்.

"முப்பது வருஷ சர்வீஸ்மா. என்னால தடுக்க முடியலைன்னு எழுதிக் கொடுத்துட்டு, நாளைக்கு நாலு பேர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

ஆகவே திறனறி சோதனைக்கு ஆணை பிறந்தது. என் ஆன்டிபாடிக் குப்பியை வாங்கி, பதிவேட்டில் ஏற்றி, தலைமை எழுத்தரின் மேசை இழுப்பறையில் இருபத்தொரு நாள் வைத்தார்கள். திருப்பிக் கொடுத்ததும் சோதித்துப் பார்த்தேன். படம் வெள்ளையாக வந்தது.

"பணியாளர்களின் தடுப்புத் திறன் நூறு விழுக்காடு" என்று அறிக்கை தயாரானது.

"ஐயோ சார், ஃபிரிட்ஜ்ல வைக்காம அது கெட்டுப்போச்சு!"

"எப்படித் தடுத்தோம்னா கேட்டாங்க? தடுத்தோமா இல்லையா?" என்றார் தலைமை எழுத்தர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் பெப்டைடு கம்பெனிக்கே எழுதி இலவச மாதிரி ஒன்று வரவழைத்தேன். இலவசத்துக்கு விதியே கிடையாது. என் ஆய்வு வழிகாட்டியான இயக்குநரின் இருப்பிலிருந்து புது ஆன்டிபாடி எடுத்து, பெப்டைடைக் கலந்து, படத்தைக் கழுவினேன்.

கோடு அப்படியே இருந்தது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இயக்குநரிடம் காட்டினேன். பதினெட்டுக் கட்டுரைகளையும் ஒரு விருதையும் அவர் அந்தக் கோட்டின் மேல்தான் கட்டியிருந்தார். படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"மாதிரி வந்தது யாருக்காவது தெரியுமாம்மா?"

"நமக்கு மட்டும்தான் சார்."

"அப்ப வரலை."

இருவருமாகக் கொள்முதல் அலுவலகத்துக்குப் போனோம். பெப்டைடு வாங்க அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு கடிதம் வேண்டும் என்று இயக்குநர் கைகட்டி நின்று கேட்டார். அந்த அதிகாரியிடம் யாரும் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. நாற்காலி போடச் சொல்லி, எங்கள் கண் முன்னாலேயே தட்டச்சு செய்ய வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தார். எல்லாம் பத்து நிமிடம்.

அந்தக் கடிதத்துக்குத் தேர்வாளரின் பதில் ஒரே வாரத்தில் வந்தது: "நிர்வாகச் சிரமங்களை நன்கறிவேன். எங்கள் ஆய்வகத்திலும் இச்சோதனையை இதனால்தான் செய்ததில்லை. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன்."

இப்போது நான் டாக்டர். போன வாரம் முன்பின் தெரியாத ஓர் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. புற்றுநோயாளிகளுக்கு எந்த மருந்து என்று முடிவு செய்ய இந்த ஆன்டிபாடியை வைத்துச் சோதனை தொடங்குகிறார்களாம். என் ஆய்வேட்டைப் படித்தார்களாம். நம்பி வாங்கலாமா என்று கேட்டிருந்தார்கள்.

தாராளமாக வாங்கலாம் என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன்.